கணக்குத் தெரியாத அம்மா கணக்கு டீச்சரிடம் என்ன பேசலாம்?

கேள்வி:

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். என் மகள் அரசுப் பள்ளியில் ஏழாவது படிக்கிறாள். ஐந்தாவது வரைக்கும் நன்றாகத்தான் படித்தாள். இப்போது காலாண்டில் கணக்கில் மட்டும் 60-க்கு 19. மற்ற பாடங்களில் குறை சொல்ல முடியாது. கேட்டால், "எனக்குக் கணக்கு வராதும்மா, விடு" என்கிறாள். நான் பத்தாவதில் கணக்கில் பெயிலாகி அதோடு படிப்பை நிறுத்தியவள். ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் போடவைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் எனக்கே புரியாமல் போகிறது. கோபம் வந்து சில நாள் அடித்தும் விடுகிறேன். அவள் அழுதுகொண்டே தூங்கிவிடுவாள். எனக்குத் தூக்கம் வராது. வீட்டுக்காரர், "உன்னை மாதிரியேதான் இருக்கா, டியூசன்ல சேர்த்துவிடு" என்கிறார். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் அரை நாள் சம்பளம் போய்விடும். போனாலும் எல்லார் முன்னாலும் மார்க்கைச் சொல்வார்கள், தலையை ஆட்டிவிட்டு வருகிறேன். என்னைப் போல் படிக்காத அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போவதால் பிள்ளைக்கு ஏதாவது நன்மை உண்டா? விடைத்தாளில் இரண்டு பக்கமும் வீட்டுப்பாட நோட்டில் ஒரு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நன்மை உண்டு, நிச்சயம் உண்டு. நீங்கள் பத்தாவதில் பெயிலானதற்கும் அந்த நன்மைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் ஒன்று: மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலை என்று நினைத்துத் தோளில் தூக்கி வைத்திருக்கிறீர்களே, அதை இன்று ராத்திரியே இறக்கி வைத்துவிடுங்கள். கணக்கு டீச்சராகப் பல காலம் வகுப்பில் நின்றவள், பிறகு ஆசிரியர் பயிற்சியில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் மகளுக்கு வீட்டில் இன்னொரு டீச்சர் தேவையில்லை. அவளுடைய டீச்சரோடு பேசுகிற அம்மா தேவை.

நீங்கள் அனுப்பிய மூன்று பக்கங்களையும் நிதானமாகப் பார்த்தேன். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். 60-க்கு 19 என்ற எண் உங்களுக்குச் சொல்லாததை அந்தப் பக்கங்கள் சொல்கின்றன.

விடைத்தாளில் சரிவகத்தின் பரப்பளவுக் கணக்கு ஒன்று இருக்கிறது. சூத்திரத்தைச் சரியாக எழுதியிருக்கிறாள். 1/2 × 6 × (10 + 8) என்று எண்களையும் சரியாகப் போட்டிருக்கிறாள். 10 + 8 = 18, 6 × 18 = 108. அதோடு நிறுத்திவிட்டாள். முன்னால் நிற்கும் அந்த 1/2-ஐ என்ன செய்வதென்று தெரியவில்லை. 108-இல் பாதி 54 என்று எழுதியிருந்தால் முழு மார்க். இப்போது நோட்டுப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறாள். மேலே உள்ளதையும் மேலே உள்ளதையும் கூட்டு, கீழே உள்ளதையும் கீழே உள்ளதையும் கூட்டு. உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்கிற தவறு இது. ஆக, இரண்டு இடத்திலும் அவளைத் தடுத்தது ஒன்றேதான். பின்னம் என்பது ஒரு அளவு என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. மேலும் கீழுமாக அடுக்கிய இரண்டு எண்களாகத்தான் அதைப் பார்க்கிறாள்.

முழுக்கள், அதாவது பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் எண்களும் சேர்ந்த பாடத்தில் 7 - 12 = 5 என்று எழுதியிருக்கிறாள். விடை -5. பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க முடியும் என்று சின்ன வகுப்பில் சொல்லிக்கொடுத்தது மனதில் அப்படியே நின்றுவிட்டது. இதுவும் கவனக்குறைவு கிடையாது, சோம்பேறித்தனமும் கிடையாது. பழைய பாடம் புதுப் பாடத்தை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான்.

நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது நேர் விகிதக் கணக்கைத்தான். "4 நோட்டின் விலை 60 ரூபாய். 7 நோட்டின் விலை என்ன?" விடை எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. ஆனால் ஓரத்தில், பென்சிலில், சின்னதாக 15 என்று எழுதி அதன் மேல் இரண்டு கோடு போட்டு அடித்திருக்கிறாள். சகோதரி, அந்த 15 சரி. ஒரு நோட்டின் விலை அதுதான். அதை 7-ஆல் பெருக்கி 105 என்று எழுதுவது ஏழாவது படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் பெரிய காரியமில்லை. அவளுக்கு வழி தெரிந்திருக்கிறது, பாதி தூரம் போயும் இருக்கிறாள். பிறகு, "எனக்கு எங்கே வரப்போகிறது" என்று தானே அடித்துவிட்டாள். அந்தக் கணக்கில் போன மார்க், கணக்குத் தெரியாததால் போனதில்லை. தன் மேலேயே நம்பிக்கை இல்லாததால் போனது.

இப்படிப் பின்னமும் கழித்தலும் இளகிக் கிடப்பதற்கு உங்கள் மகள் தலைமுறைக்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. உங்கள் மகள் அப்போது தொடக்க வகுப்பில் இருந்தவள். பங்கு போடுவது, பாதி கால் என்று காகிதத்தை மடித்துப் பார்ப்பது, புளியங்கொட்டையை எண்ணிப் பிரிப்பது எல்லாம் கையால் செய்து பழக வேண்டிய வயது அது. அந்த வயதில் பல வீடுகளில் ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ஐந்தாவது வரை மார்க் வந்ததே என்று கேட்பீர்கள். மனப்பாடத்தில் ஐந்தாவது வரை ஓட்டிவிடலாம். ஆறிலும் ஏழிலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டே போகும் பாடம் வந்தவுடன் அடியில் விட்ட இடம் தெரிய ஆரம்பிக்கும். பிள்ளையின் மூளையில் குறை இல்லை. உங்கள் ரத்தத்திலும் குறை இல்லை.

இனி ராத்திரி ஒன்பது மணிக்கு வருவோம்.

நீங்கள் செய்வது அக்கறையினால்தான். ஆனாலும் அதை நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் எரின் மலோனி, ஷான் பெய்லாக் முதலான ஆய்வாளர்கள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு கல்வியாண்டு முழுக்கக் கவனித்து 2015-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கணக்கென்றாலே பயப்படுகிற பெற்றோர் அடிக்கடி பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்துக்கு உதவியபோது, அந்தப் பிள்ளைகள் ஆண்டு முடிவில் மற்றவர்களைவிடக் குறைவாகக் கற்றிருந்தார்கள். அவர்களுக்கும் கணக்கின் மேல் பயம் கூடியிருந்தது. அதே அளவு பயம் உள்ள பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அவ்வளவாகத் தலையிடாத வீடுகளில் இந்தப் பாதிப்பு இல்லை. பயம் பரம்பரையாக வந்திருந்தால் இரண்டு வகை வீட்டிலும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். அது அந்தப் பக்கத்தில் உட்காரும் நேரத்தில்தான் கைமாறுகிறது. அம்மாவின் பெருமூச்சு, புருவம், "இது கூடத் தெரியலையா" என்ற குரல், இவற்றையெல்லாம் பிள்ளை கணக்கோடு சேர்த்தே படிக்கிறாள்.

அடிப்பதைப் பற்றி நீங்களே மனம் வருந்தி எழுதியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கணக்குப் போடும்போது இடையில் வருகிற எண்களை மனதில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பயந்திருக்கிற பிள்ளையின் மனதில் அந்த இடத்தைப் பயம் பிடித்துக்கொள்கிறது. அப்போது தெரிந்த வாய்ப்பாடு கூட மறக்கும். "இனிமேல் கணக்குக்காக உன் மேல் கை வைக்க மாட்டேன்" என்று அவளிடம் வாயால் சொல்லுங்கள். சொன்னபடி நடங்கள்.

அப்படியானால் பெற்றோரின் பங்கு எங்கே இருக்கிறது? நான்சி ஹில், டயானா டைசன் என்ற இருவர் நடுநிலை வகுப்பு வயதுப் பிள்ளைகளைப் பற்றிய 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2009-இல் எழுதினார்கள். பெற்றோர் வீட்டுப்பாடத்தில் உதவுவதற்கும் பிள்ளையின் தேர்ச்சிக்கும் நல்ல தொடர்பு அதில் தெரியவில்லை. பள்ளியோடு தொடர்பு வைத்திருப்பதற்குத் தொடர்பு இருந்தது. எல்லாவற்றையும்விட வலுவாக நின்றது வேறொன்று: படிப்பு எதற்கு, இது உன்னை எங்கே கொண்டுபோகும், உன்னால் ஆகும் என்று நான் நினைக்கிறேன் என்பதைப் பிள்ளையோடு பேசிக்கொண்டே இருப்பது. இதில் எதற்கும் அம்மாவுக்கு இயற்கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் பள்ளிக்குப் போவதைப் பேசலாம், அதைத்தான் நீங்கள் கேட்டீர்கள்.

கூட்டத்துக்குப் போய்த் தலையாட்டிவிட்டு வருவதில் பெரிதாகப் பலன் கிடையாது, அரை நாள் சம்பளம்தான் போகும். எல்லார் முன்னாலும் மார்க்கை வாசிக்கும் வழக்கம் தவறு. ஒரு ஆசிரியையாகவே இதைச் சொல்கிறேன். அந்த நிமிடத்தில் பெற்றோர் காதில் எதுவும் ஏறாது, வெட்கம்தான் ஏறும். அந்த வெட்கம் சாயங்காலம் பிள்ளையின் முதுகில் இறங்கும். "என் பெண்ணைப் பற்றித் தனியாகச் சொல்லுங்க டீச்சர்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

கணக்கு டீச்சரிடம் தனியாக ஐந்து நிமிடம் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளத்தை விட்டுவிட்டுப் போக வேண்டுமென்பதில்லை. உங்கள் கம்பெனியிலும் பள்ளியிலும் மதியச் சாப்பாட்டு நேரம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். "மிஸ், நான் கம்பெனி வேலைக்குப் போறவ, நேர்ல வர்றது கஷ்டம். மதியம் ஒரு அஞ்சு நிமிஷம் போன்ல பேசலாங்களா?" என்று மகளின் நோட்டிலேயே எழுதி அனுப்புங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்க வேண்டாம். அங்கே கேட்டால் அதுவும் எல்லார் முன்னால் ஆகிவிடும்.

பேசும்போது, "என் பொண்ணு எப்படிப் படிக்கிறா?" என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்கு எந்த டீச்சரும், "இன்னும் நல்லாப் படிக்கணும், வீட்ல கவனிங்க" என்றுதான் சொல்வார். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் உடனே நினைவுக்கு வருவது அவ்வளவுதான். நீங்கள் பார்த்ததைச் சொல்லி ஆரம்பியுங்கள். "சரிவகக் கணக்குல 108 வரைக்கும் வந்துட்டு நிறுத்தியிருக்கா மிஸ். அரைன்னா என்ன செய்யறதுன்னு தெரியல. பின்னத்துல அடியிலிருந்தே விட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன்." இன்னொன்று: "நோட்டு விலைக் கணக்குல 15-னு சரியா எழுதிட்டு, தானே அடிச்சிருக்கா. தெரிஞ்சாலும் எழுதப் பயப்படுறா."

இப்படிப் பேசுகிற பெற்றோரை ஆசிரியர்கள் அதிகம் பார்ப்பதில்லை. பெற்றோர் என்றால் சண்டைக்கு வருபவர், இல்லையென்றால் கைகட்டி நிற்பவர் என்றே எங்களுக்குப் பழகிவிட்டது. நோட்டோடு வந்து ஒரு கணக்கைச் சுட்டிக்காட்டிப் பேசும் அம்மா, வகுப்பில் அந்தப் பிள்ளை இருக்கும் இடத்தையே மாற்றிவிடுகிறார். அடுத்த நாள் டீச்சரின் கண் அந்தப் பெஞ்சுக்குப் போகும். அந்தப் பின்னக் கணக்கின் பக்கத்தில் சிவப்பு மையில் வெறும் கையெழுத்து இருப்பதை நானும் பார்த்தேன். அதைக் குறையாகக் காட்டிப் பேச வேண்டாம். ஒரு மாலையில் திருத்தும் நோட்டுக் கட்டில் அது ஒன்று. பேச்சை மகளை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். எந்த வகுப்புப் பாடத்திலிருந்து இவள் திரும்பப் பார்க்க வேண்டும்? பள்ளியில் அதற்கு நேரம் கிடைக்குமா? வாரத்தில் ஒருநாள், அவளால் கண்டிப்பாகப் போட முடிந்த ஒரு கணக்கைக் கரும்பலகையில் போடக் கூப்பிடுவீர்களா? மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். தன்னம்பிக்கை பற்றிய ஆய்வுகளுக்குப் பெயர்பெற்ற உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, "என்னால் முடியும்" என்ற எண்ணத்துக்கு எல்லாவற்றையும்விட வலுவான ஊற்று ஒருவர் தானே செய்து முடித்த அனுபவம்தான் என்றார். நாமெல்லாம் பாராட்டு, அறிவுரை, தைரியம் சொல்வது எல்லாம் அதற்குப் பின்னால்தான். "நீ முடிப்பே கண்ணு" என்று நூறு தடவை சொல்வதைவிட, கையில் சுண்ணக்கட்டியோடு ஒரு கணக்கை முடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்காருவது பெரியது. அதற்கு ஏற்ற கணக்கைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க டீச்சரால்தான் முடியும். கேட்டுக்கொள்ள உங்களால்தான் முடியும்.

இரண்டாவது கேள்வி நேரம் பற்றியது. தமிழ்நாடு அரசுப் பள்ளிகளில் 2025-26 கல்வியாண்டில் 'திறன்' என்றொரு இயக்கம் தொடங்கியது. நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படைத் தேர்வு வைத்து, தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படையில் பின்தங்கியவர்களைப் பிரித்து, பள்ளி நேரத்திலேயே தனியாகப் பயிற்சி தருவது அதன் நோக்கம். "என் பொண்ணு திறன் பட்டியல்ல இருக்காளா மிஸ்? கணக்குல எந்த நிலையில வந்தா?" என்று கேளுங்கள். பட்டியலில் இருந்தால் அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மகளிடமும், "மக்குப் பசங்களோடயா சேர்த்துட்டாங்க" என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். விட்டுப்போன பின்னத்தைப் பணம் வாங்காமல் சொல்லித்தரும் இடம் அது. பட்டியலில் இல்லாவிட்டால், பின்னம் மட்டுமாவது அவர்களோடு உட்கார வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது வீட்டுக்குள் வருகிறேன். வீட்டில் கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாடப்புத்தகக் கணக்கை நீங்கள் சொல்லிக்கொடுப்பது வேண்டாம். உங்கள் கணக்கு வேண்டும்.

பத்தாவதில் பெயில் என்கிறீர்கள். ஆனால் சனிக்கிழமை சம்பளக் கவரை வாங்கியதும் எண்ணிப் பார்த்து, குறைந்தால் அங்கேயே கேட்டு வாங்குவீர்கள்தானே? ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாள் ஒன்றரை ஷிப்ட், மூன்று நாள் ஒரு ஷிப்ட். மூன்று ஒன்றரை நாலரை, அதோடு மூன்று, ஏழரை ஷிப்ட். ஏழரை ஐந்நூறு 3,750. இதை நீங்கள் நடந்துகொண்டே போட்டுவிடுவீர்கள். உங்கள் மகளைத் தேர்வில் நிறுத்தி வைத்த அதே 1/2-ஐத்தான் நீங்கள் வாராவாரம் பெருக்கிக்கொண்டிருக்கிறீர்கள். வாரக் கணக்கை இனி அவளை எழுதச் சொல்லுங்கள். விளையாட்டாக இல்லை, நிஜமாகவே அவள் பொறுப்பில் விடுங்கள். கம்பெனியில் வாங்கிய அட்வான்ஸையும் அதில் எழுதட்டும். கையில் வர வேண்டியது 700, பிடிக்க வேண்டியது 1,200 என்றால் மீதி என்ன என்று கேளுங்கள். "500 நாமதான் தரணும்" என்று அவள் வாயாலேயே வரும்போது, 7 - 12 ஏன் 5 ஆகாது என்பது அவளுக்கே தெரிந்துவிடும்.

1/2 + 1/3 கணக்குக்கு உங்கள் டஜனை எடுத்துக்கொள்ளுங்கள். அரை டஜன் பனியன் எத்தனை? 6. ஒரு டஜனை மூன்று பங்காக்கி ஒரு பங்கு எடுத்தால்? 4. சேர்த்தால் 10. பன்னிரண்டில் பத்து, அதாவது 10/12. சுருக்கினால் 5/6. இதைப் போட்டுக் காட்டும் முன்பே ஒரு கேள்வி கேளுங்கள்: "அரை டஜனோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, அரை டஜனை விடக் குறையுமா கூடுமா?" அவள் எழுதிய 2/5 அரையைவிடக் குறைவு. அதை அவளே கண்டுபிடிக்கட்டும். விடை வந்தபின் 'இது நடக்கிற காரியமா' என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் கணக்கில் பாதித் தவறு குறையும். படித்த பெற்றோர் பலர் இதைக் கேட்பதே இல்லை, நேராக மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடு என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

வீட்டுப்பாட நேரத்தில் நீங்கள் அடுப்படி வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்டால் போதும். "எனக்குப் புரியற மாதிரி சொல்லு கண்ணு. இந்த 18 எப்படி வந்துச்சு?" உங்களுக்குப் புரியாததைப் புரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு விளக்குவதற்காக அவள் வாய்விட்டுச் சொல்லும்போது எங்கே தடுக்குகிறதோ, அதுதான் நாளைக்கு டீச்சரிடம் கேட்க வேண்டிய இடம். அதை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்து அனுப்புங்கள். சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நீங்கள் வேண்டாம், பாடப்புத்தகத்தின் கடைசியில் விடைகள் இருக்கின்றன. பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. பிறகு தூங்கட்டும்.

ஒன்றை மட்டும் வீட்டில் முழுசாக நிறுத்த வேண்டும். "எனக்கும் கணக்கு வராது, உனக்கும் வராது" என்ற பேச்சு. ஆறுதலுக்காகச் சொல்வதுதான், தெரியும். ஆனால் பிள்ளை அதை விதியாக எடுத்துக்கொள்கிறாள். பெண் பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். 2012-இல் நடந்த பிசா என்ற பன்னாட்டுத் தேர்வில், ஆண் பிள்ளைகளுக்குச் சமமாகக் கணக்குப் போட்ட பெண் பிள்ளைகளே தங்களுக்குக் கணக்கென்றால் பயம் என்று அதிகமாகச் சொன்னார்கள். உங்கள் வீட்டுக்காரரிடமும் இதைச் சொல்லுங்கள். "உன்னை மாதிரியே" என்பதற்குப் பதிலாக, சனிக்கிழமை அவள் எழுதி வைத்த சம்பளக் கணக்கை வாங்கிப் பார்த்து, "எப்படிப் போட்டே?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்கட்டும். அப்பா கேட்கிற அந்த ஒரு கேள்விக்கு நம் வீடுகளில் தனி எடை இருக்கிறது. "நீ பெரிய அறிவாளி" என்ற புகழ்ச்சியும் வேண்டாம். கிளாடியா முல்லர், கரோல் டிவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அறிவாளி என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்து ஒரு கடினமான வேலையில் தோற்றதும் சீக்கிரம் சோர்ந்தார்கள். உழைப்பைப் பாராட்டப்பட்டவர்கள் திரும்ப முயன்றார்கள். "எழுதினதைக் கோடு போட்டு அடிக்காம விட்டியே, அதனாலதான் விடை வந்துச்சு" என்பது போல, அவள் செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

மார்க் வரும் நாளில் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செக்கிங்கில் ஒரு பீஸ் திரும்பி வந்தால் நீங்கள் துணியைத் திட்டுவதில்லை. எங்கே தையல் விட்டது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் பிரித்துத் தைத்துக் கொடுப்பீர்கள். விடைத்தாளையும் அப்படிப் பாருங்கள். எதில் மார்க் வந்தது, எதைப் பாதியில் விட்டாள், எதைத் தொடவே இல்லை என்று மூன்றாக அவளையே பிரிக்கச் சொல்லுங்கள். பாதியில் விட்டதில் ஒன்றை எடுத்து அன்றைக்கே முடிக்கட்டும். போதும்.

டியூசன் பற்றி. நான் டியூசனுக்கு எதிரி கிடையாது. ஆனால் ஏழாம் வகுப்புப் பயிற்சிக் கணக்கையே மறுபடி போட்டுக்கொடுத்து நோட்டை நிரப்பி அனுப்பும் டியூசன் உங்கள் மகளுக்கு உதவாது. பள்ளியில் புரியாததை இன்னொரு தடவை புரியாமல் எழுதுவாள், மாதாமாதம் பணமும் போகும். சேர்ப்பதென்றால் முதல் நாளே கேளுங்கள்: "நாலாவது, அஞ்சாவது பின்னத்துல இருந்து ஆரம்பிப்பீங்களா?" "போர்ஷன் முடிக்கணும்" என்று பதில் வந்தால் வேண்டாம். பள்ளியில் கேட்டுப் பார்த்துவிட்டு, அரையாண்டு வரை பொறுத்து முடிவெடுக்கலாம்.

படிப்பு எங்கே கொண்டுபோகும் என்ற பேச்சுக்கும் உங்களிடம் கைவசம் விஷயம் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதக்கூடிய தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு ஒன்று உண்டு. தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய் வரும். அதில் கணக்கும் உண்டு, யோசித்துப் போடும் புதிர் மாதிரியான கேள்விகளும் உண்டு. எழுதுவதற்கு ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணும் பார்ப்பார்கள் என்பதால் இந்த ஆண்டே டீச்சரிடம் அதைப் பற்றிக் கேட்டு வையுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். மிரட்டலாகவோ பேரமாகவோ இல்லாமல், சாப்பிடும்போது சாதாரணமாகப் பேசுங்கள். அம்மா நம்மைப் பற்றிக் கல்லூரி வரைக்கும் யோசிக்கிறாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். படித்தவர்கள்தான் வரலாம் என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. உங்களுக்கு நேரமில்லை என்றால் உறுப்பினராக இருக்கும் ஒரு அம்மாவிடம் இரண்டு விஷயத்தைச் சொல்லி அனுப்புங்கள். மார்க்கைப் பொதுவில் வாசிக்க வேண்டாம், பெற்றோர் கூட்டத்தைக் கம்பெனி விடுமுறை நாளிலோ மாலையிலோ வைக்க வழி பாருங்கள். உங்கள் ஊரில் பாதிப் பெற்றோருக்கு இதே கஷ்டம்தான். ஒருவர் கேட்டால் மற்றவர்களும் கேட்பார்கள்.

கடைசியாக, ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். பயம் குறைந்து, பின்னத்துக்குத் தனி நேரமும் கிடைத்து, இரண்டு மூன்று மாதம் போன பிறகும் 8 + 5 போன்ற சின்னக் கூட்டலுக்கே விரல் விட்டு எண்ணுகிறாள், கடிகாரம் பார்க்கத் தடுமாறுகிறாள், 36-ஐயும் 63-ஐயும் மாற்றி மாற்றி எழுதுகிறாள் என்றால் அது வேறு விஷயம். சில பிள்ளைகளுக்கு எண்களைக் கையாள்வதிலேயே ஒரு கற்றல் குறைபாடு இருக்கும். அது மந்தம் கிடையாது, தனிப் பயிற்சி தேவைப்படும் நிலை. அப்போது தலைமை ஆசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியரை ஒருமுறை மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. 6 × 18-ஐ ஓரத்தில் கூட எழுதிப் பார்க்காமல் 108 என்று போட்டிருக்கிறாள்.